ஊதாங்குழலும் ஒரு கணமும்

ஊதாங்குழலை வாயில் வைப்பதற்கு முன், அப்பாயி ஆழமாக மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்திக்கொண்டார்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகள், நனைந்திருந்ததால் லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டின்) குசினி முழுவதும் புகை. கூரைத் தகரத்தின் ஆணித் துளை வழியே இறங்கிய ஒளியில் தூசிகள் சுழன்றன.

கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசி அல்ல என் கவலை. அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் மோதி ஒட்டி, சளியோடு வெளியேறிவிடும். புகையில் ஏறக்குறைய 300 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் பெரும்பாலானவை வெளிமூச்சோடு திரும்பிவிடுகின்றன.

100 நானோமீட்டருக்கும் குறைந்தவை வேறு கதை. காற்று மூலக்கூறுகள் நாற்புறமும் முட்டித் தள்ள, அவை திசையின்றித் தள்ளாடி, சுவாசப் பாதையின் சுவரைத் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. அவற்றிலும் 20 நானோமீட்டரை ஒட்டியவை, ஏறக்குறைய 23 தடவை கிளைபிரியும் சுவாசக் குழாய்களைக் கடந்து, நுரையீரலின் காற்றுப்பைகளில்தான் மிக அதிகமாகப் படிகின்றன. அங்கே சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் இல்லை. துகள்களை விழுங்கும் உயிர்க்கலங்களே காவல். (விசித்திரம் என்னவென்றால், ஓரிரு நானோமீட்டர் அளவினவை பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடுகின்றன.)

இந்தத் தள்ளாட்டத்துக்கு வேண்டியது நேரம். மூச்சு உள்ளே எவ்வளவு தங்குகிறதோ, படிவும் அவ்வளவு கூடும். அப்பாயி நிறுத்திய அந்த ஒரு கணமும் அந்தக் கணக்கில் சேரும்.

“முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூச்சை இழுங்க அப்பாயி” என்றேன்.

“திருப்பினா நெருப்பு அணைஞ்சிரும் கண்ணு” என்று சொல்லிவிட்டு, மீண்டும் அடுப்பருகே குனிந்தார்.