தோட்டக் காரியாலயத்தில் ஒரு வைஃபை பெட்டி

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், சந்தியில் இறங்கி, தேயிலை மலையைச் சுற்றிச் செல்லும் பாதையில் நடந்தால் வரும் ஒரு தோட்டக் காரியாலயத்தில் கடந்த மாதம் இரண்டு நாள் வேலை செய்தேன். சொல்லப்போனால் சிறிய வேலைதான்: கம்பி வழியாக ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த காரியாலய வலையமைப்பில் ஒரு வயர்லெஸ் அக்சஸ் பொயின்ட், அதாவது கம்பியில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, பொருத்த வேண்டும். பெட்டியைச் சீலிங்கில் மாட்டிக் கம்பியைச் செருகுவதற்கு அரை மணி நேரம் போதும். மற்றப் பொழுதெல்லாம் அந்தக் கட்டடத்தையும், யார் யாரோ எப்போதெப்போதோ அதற்குள் செருகிவிட்டுப் போன கம்பிகளையும் அறிந்துகொள்வதிலேயே கழிந்தது. இதே வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு உதவட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. வெளிச்சுவர்கள் மட்டுமல்ல, அறைகளுக்கு இடையிலுள்ள சுவர்களும் கருங்கல்லால் கட்டப்பட்டவை. கதவு நிலையில் கையை வைத்து அளந்தபோது இரண்டு சாணுக்குச் சற்று மேலே வந்தது. மேலே தகரக் கூரை, அதன் கீழே பலகைச் சீலிங். தோட்ட முகாமையாளரான துரையின் அறை ஒரு மூலையில் இருக்கிறது; நடுவில் பெரிய கிளாக்கரின் அறை; அதற்கப்பால் செக்ரோல் எனும் தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டை எழுதும் நீண்ட அறையும், ஆளுயர இரும்பு அலுமாரிகள் வரிசையாக நிற்கும் ஓர் இருட்டு அறையும் உண்டு; முன்பக்கம் முழுவதும் விறாந்தை. ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் துரையின் அறையில் இருந்தது. அதிலேயே வைஃபை உண்டு என்றாலும், மாலையில் கொழுந்துக் கணக்கை அனுப்புவதற்காக விறாந்தையில் வந்து நிற்கும் கணக்கப்பிள்ளைமாரின் கைப்பேசிகளுக்கு அது எட்டவில்லை. என்னை அழைத்ததும் அதற்காகத்தான்.

ரவுட்டரின் அருகில் நின்று பார்த்தபோது கைப்பேசியில் சமிக்ஞை மறை 45 டிபிஎம் என்று காட்டியது. டிபிஎம் என்பது சமிக்ஞை வலுவின் அளவு; மறைக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடச் சமிக்ஞை பலவீனம். அறை வாசலில் மறை 52. ஒரேயொரு கருங்கல் சுவரைத் தாண்டிப் பெரிய கிளாக்கரின் மேசைக்கு வந்ததும் மறை 78. வாசலுக்கும் மேசைக்கும் இடையில் 26 டெசிபெல் குறைந்திருக்கிறது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம்; ஆனால் மூன்று டெசிபெல் குறையும் ஒவ்வொரு தடவையும் வலு பாதியாகிவிடுகிறது என்பதால், 26 டெசிபெல் என்பது ஏறத்தாழ 400 மடங்கு வீழ்ச்சி. பேச்சழைப்புக்கு மறை 67க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். மறை 78இல் இணையப்பக்கம் தட்டுத் தடுமாறித் திறக்கும். கணக்கு அனுப்பும் செயலியோ பாதியில் நின்றுவிடும்.

“ரவுட்டர்ல சிக்னலக் கூட்டி வைக்க ஏலாதா தம்பி?” என்று பெரிய கிளாக்கர் கேட்டார். எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மலையுச்சியில் நின்று கங்காணி உரக்கக் கூப்பிட்டால் கீழ் மலையில் நிற்பவருக்குக் கேட்கும். அவர் மெல்லிய குரலில் சொல்லும் மறுமொழி மேலே எட்டாது. கைப்பேசியின் அனுப்பும் வலு பொதுவாகப் பெட்டியினுடையதை விடக் குறைவு. பெட்டியின் குரலை மட்டும் கூட்டினால் திரையில் கோடுகள் நிறைந்து தெரியும், தரவு போகாது. ஆகவே பெட்டியை ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதே சரியான வழி.

எங்கே வைப்பது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நீளமான ஈதர்நெட் கம்பி ஒன்றைத் தரையில் தற்காலிகமாக விரித்து, அக்சஸ் பொயின்டை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, காரியாலய உதவியாளரான தம்பியை அதைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் கைப்பேசியோடு அறை அறையாக நடந்தேன். செக்ரோல் அறையின் நடுவில் பிடித்தால் விறாந்தையின் வலது கோடி விடுபட்டது. இரும்பு அலுமாரிகள் உள்ள அறையின் பக்கம் நகர்த்தினால் நிலைமை இன்னும் மோசமாகியது. கருங்கல்லை விட இரும்புத் தகடே வானொலி அலைகளுக்குப் பெரிய பகை. கடைசியில், விறாந்தையைப் பார்த்த இரட்டைக் கதவுக்கு நேரே, செக்ரோல் அறைச் சீலிங்கில் ஓரிடத்தில் எல்லா மூலைகளிலும் மறை 65க்குள் கிடைத்தது. மரக்கதவும் கண்ணாடியும் அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதற்குள் கம்பைப் பிடித்துப் பிடித்துத் தம்பிக்குக் கை வலித்துப்போயிற்று.

பார்வைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பெட்டியைச் சீலிங்குக்கு மேலே, தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். சீலிங்கில் மாட்டுவதற்கென்று செய்யப்பட்ட பெட்டிகள் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் அலைகளைப் பரப்புமாறு அமைக்கப்பட்டவை. தலைக்கு மேலே தகரத்தை வைத்துக்கொண்டு அவை ஒழுங்காக வேலை செய்வதில்லை. நண்பகலில் தகரத்துக்குக் கீழே சேரும் வெப்பமும், இரவுப் பனியில் தகரத்தின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டும் நீரும் வேறு இருக்கின்றன. பலகைக்குக் கீழேயே மாட்டினோம்.

கம்பி விடயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பிச் சுருள்களில் சில முழுச் செம்பு அல்ல. அலுமினியத்தின் மேல் செம்பு பூசப்பட்டவை. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அக்சஸ் பொயின்டுக்கு வேண்டிய மின்சாரமும் இதே ஈதர்நெட் கம்பி வழியாகத்தான் போகிறது என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. 802.3ஏஎஃப் தரத்தில் அனுப்பும் முனையில் 15.4 வாட் வரை கொடுக்கப்படும். கம்பியின் தடையில் இழப்பு போக மறுமுனைக்கு 12.95 வாட் வந்து சேரும் என்பது கணக்கு. அலுமினியக் கம்பியில் தடை கூடுதலாக இருப்பதால் அந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது, கம்பியும் சூடாகிறது. நான் கொண்டுபோனது முழுச் செம்பு கட் 6. துரையின் அறையிலிருந்து செக்ரோல் அறைக்கு 38 மீற்றர் பிடித்தது. 100 மீற்றர் என்ற எல்லைக்கு உள்ளே இருப்பதால் அதில் சிக்கலில்லை. சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தபோது பழைய தொலைபேசிக் கம்பியை எலிகள் கடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. ஆகவே முழு நீளத்துக்கும் பிவிசி குழாய் போட்டோம். விளக்குகளுக்குப் போகும் மின்கம்பியோடு அது சேர்ந்து ஓடாமல், குறுக்கிடும் இடங்களில் செங்குத்தாகக் கடக்குமாறு பார்த்துக்கொண்டோம்.

முனை அடிக்கும்போது நான் இன்னமும் வாய்க்குள் நிற வரிசையைச் சொல்லிக்கொள்வேன்: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடியை நீலச் சோடி பிரிக்கும் இடத்தில்தான் புதியவர்கள் பிழை விடுவார்கள். இரண்டு முனைகளிலும் ஒரே பிழையை விட்டால் சாதாரணச் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஆனால் வேகம் வராது. ஏனென்றால் சேர்ந்து முறுக்கப்பட வேண்டிய இரண்டு கம்பிகள் வெவ்வேறு சோடிகளில் போய்விடுகின்றன.

அமைப்பு வேலையில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. மாட்டுவதற்கு முன்பே மேசையில் வைத்து மென்பொருளைப் புதுப்பித்தேன். ஏணியில் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை அல்ல அது. பெட்டிக்கு 192.168.1.2 என்ற நிலையான முகவரி கொடுத்தேன். சுற்றிலும் வேறு வைஃபை எதுவும் இல்லாத தோட்டம் என்பதால், ஹட்டன் நகரக் கடைத்தெருவில் படும் பாடு இங்கே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று குழப்பாத ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்று அலைவரிசைகளில் எதை எடுத்தாலும் சரிதான். துரையின் அறை ரவுட்டர் ஆறாவது அலைவரிசையில் இருந்ததால் இதைப் பதினொன்றில் வைத்தேன். கிளாக்கர்களின் கணினிகளுக்கு ஒரு பெயரிலும், வெளியிலிருந்து வருவோருக்கு வேறொரு பெயரிலும் வலையமைப்பைப் பிரித்தேன். சம்பளக் கணக்கும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி விபரங்களும் உள்ள கணினியை, விறாந்தையில் நிற்கும் ஒரு கைப்பேசி எட்டிப்பார்க்கக் கூடாது. பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட்டேன். அதிலுள்ள பின் எண் முறையின் பலவீனம் 2011இலேயே வெளியாகிவிட்டது. இன்றும் பல பெட்டிகளில் அது இயங்கியபடியே வருகிறது.

முதல் நாள் மாலை கணக்கப்பிள்ளைமார் வந்தார்கள், கணக்கு போயிற்று. நானும் தேநீர் குடித்துவிட்டு, நாளைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மின்சாரம் போய், பத்து நிமிடத்தில் வந்தது. பெரிய கிளாக்கரின் கணினியில் இணையமும் இல்லை, அச்சியந்திரமும் இல்லை. புதுப்பெட்டியால் வந்த வினை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் பெரிய கிளாக்கர், “இது புதுசு இல்ல தம்பி. கரண்ட் போய் வந்தா இந்த மெசின் சொல்லுக் கேக்காது. ரெண்டு மூணு தரம் நிப்பாட்டிப் போட்டா சரியாயிரும். ஒரு வருசமா இப்பிடித்தான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவருடைய கணினியில், அதன் வலையமைப்பு முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். முகவரி 192.168.0.104 என்று இருந்தது. அந்தக் காரியாலயத்தில் 192.168.0 என்று தொடங்கும் முகவரியை யாரும் கொடுத்திருக்கக் கூடாது. ஃபைபர் ரவுட்டர் கொடுப்பது 192.168.1இல் தொடங்குபவை, அச்சியந்திரம் 192.168.1.50. அப்படியானால் முகவரி வழங்கும் இன்னொரு பெட்டி எங்கேயோ ஒளிந்திருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். காரியாலயக் கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலிருந்து புறப்பட்ட ஒரு சாம்பல் நிறக் கம்பி சுவரோரமாகப் போய், அலுமாரி அறைக்குள் நுழைந்து, ஓர் அலுமாரியின் பின்னால் மேலேறியது. பழைய செக்ரோல் புத்தகக் கட்டுகளுக்கு மேலே, தூசி படிந்து, இரண்டு கொம்புகளோடு ஒரு வெள்ளை நிற வீட்டு ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்பு யாரோ ஒருவர் வைஃபை எட்டவில்லை என்று வாங்கி வைத்துவிட்டு மறந்துபோனது. கம்பியை அதன் லேன் துவாரத்தில், அதாவது உள் வலையமைப்புக்கான துவாரத்தில், செருகியிருந்தார்கள். முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்தவில்லை.

கணினி விழித்தெழுந்ததும், எனக்கு முகவரி தருவார் யாரேனும் உண்டா என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது. பொதுவாக முதலில் வரும் பதிலையே அது ஏற்றுக்கொள்கிறது. மின்சாரம் வந்தபின் ஃபைபர் ரவுட்டர் எழுந்து நிற்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அலுமாரியின் மேலிருந்த சிறிய ரவுட்டருக்கு அரை நிமிடம் போதும். ஆகவே மின்சாரம் போய் வரும்போதெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வது சிறியதாகவே இருந்தது. அது காட்டிய வாசலின் மறுபக்கத்தில் இணையமே இல்லை, அங்கே ஒரு கம்பிகூடச் செருகப்படவில்லை. சாதாரண நாட்களில் கணினிகள் தமக்கு முன்பு முகவரி தந்த ரவுட்டரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்வதால் குறை வெளியே தெரியவில்லை. தொழிற்சாலையின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து பெட்டிகள் தாமாக அணைந்தெழும் நாட்களிலும் இதே கதைதான் நடந்திருக்க வேண்டும். மின்சார சபையின் மீது ஒரு வருடமாகப் போட்டுவந்த பழியில் பாதி இந்த வெள்ளைப் பெட்டிக்குச் சேர வேண்டியது.

அந்த ரவுட்டரைக் கழற்றினேன். கழற்றத்தான் வேண்டும் என்பதில்லை. டிஎச்சிபியை நிறுத்தி, முகவரியை 192.168.1.3 என்று மாற்றி, லேன் துவாரத்திலேயே விட்டிருந்தால் அதுவும் ஒரு நல்ல அக்சஸ் பொயின்டாக இயங்கியிருக்கும். ஆனால் இரும்பு அலுமாரிகளுக்கு நடுவில் அதற்கு வேலையில்லை. பிறகு ஃபைபர் ரவுட்டர், சுவிட்ச், அக்சஸ் பொயின்டுக்கு மின்சாரம் ஊட்டும் இன்ஜெக்டர் மூன்றையும், மின்சாரம் போனாலும் சற்று நேரம் பற்றரியில் ஓட்டும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் சேர்த்துவிட்டு, பிரதான ஆளியை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். மூன்று தடவையும் பெரிய கிளாக்கரின் கணினி 192.168.1இலேயே எழுந்தது.

புறப்படும் நேரத்தில், தொழிற்சாலைக்கும் இப்படியொரு பெட்டி போட்டுத் தர முடியுமா என்று துரை கேட்டார். அது காரியாலயத்திலிருந்து சுமார் 130 மீற்றர் தூரத்தில், தனி மின் இணைப்போடும் தனி நிலக்கம்பியோடும் நிற்கும் கட்டடம். ஈதர்நெட் கம்பியின் எல்லையைத் தூரம் தாண்டுகிறது. தாண்டாவிட்டாலும் செம்புக் கம்பி இழுத்திருக்க மாட்டேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை பெய்யும் இந்த மலைநாட்டில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பியைத் தூணில் தொங்கவிட்ட ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். மின்னல் நேரே விழவில்லை, பக்கத்து மலையில் விழுந்தது. சுவிட்சின் எட்டுத் துவாரங்களில் ஐந்து செத்துப்போயின. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆகவே அந்த இழையாலான ஃபைபர் கம்பி இழுக்க வேண்டும், அல்லது இரண்டு கூரைகளிலும் ஒன்றையொன்று பார்க்கும் வயர்லெஸ் பெட்டிகள் மாட்டி அவற்றுக்கு மின்னல் காப்பும் சரியான நிலக்கம்பியும் போட வேண்டும் என்று சொல்லி, இரண்டுக்கும் விலை கேட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

எந்தப் பெட்டிக்கு எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் அதை வாங்கித் தம் கையெழுத்தில் தலைப்பும் திகதியும் போட்டு, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். கழற்றிய வெள்ளை ரவுட்டரை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒட்டடைக் கம்பு பிடித்த தம்பி கேட்டார். துரை சரியென்றார்.