அணைத் தண்ணீர் நிலத்தை அசைக்குமா?

2020இல் கண்டி மாவட்டத்துத் திகனப் பக்கம் நிலம் அதிர்ந்தபோது, அங்கே இருக்கிற மச்சாள் வீட்டில் அலுமாரிக் கோப்பைகள் எல்லாம் கிலுகிலுத்ததாம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற எனக்குப் போன் எடுத்து, "பக்கத்து விக்டோரியா அணைத் தண்ணியாலயோ?" என்று கேட்டாள். திகனவுக்கு என்ன காரணம் என்பதை அங்கத்தைய நிலத்தை அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் தேங்கிய தண்ணீர் நிலத்தை அசைக்குமா என்றால், அசைக்கும்.

மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1962இல் நீர் தேங்கத் தொடங்கியது. கூடவே சின்னச் சின்ன அதிர்வுகள். 1967 டிசம்பர் 11 விடியப்புறம், சனம் நித்திரையில் கிடக்க, 6க்கு மேற்பட்ட அளவில் பெரிய நடுக்கம். ஏறத்தாழ 180 பேர் செத்துப்போனார்கள். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

தண்ணீரின் பாரம் மட்டும் காரணமில்லை. நீர் பாறை வெடிப்புகளுக்குள் மெல்ல மெல்ல இறங்கி, நிலப்பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கிற பிடியைத் தளர்த்தும். ஏற்கெனவே அழுத்தம் சேர்ந்திருக்கிற பிளவென்றால் வழுக்கிவிடும். அப்படிச் சேராத இடத்தில் எவ்வளவு தேக்கினாலும் ஒன்றும் நடக்காது; உலகத்தில் பெரும்பாலான அணைகள் அப்படித்தான் அமைதியாக இருக்கின்றன.

நீர்மட்டப் பதிவையும் அதிர்வுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அணையடி ஊர்ச்சனத்துக்குக் காட்ட வேண்டும். அது அவர்களின் உரிமை.