அப்பா ரிட்டயர்மென்ட், கம்பெனி இன்சூரன்ஸ் முடியறதுக்கு முன்னாடி நாங்க பண்ணின வேலைகள்

வீட்ல யாராவது பிரைவேட் கம்பெனில இருந்து ரிட்டயர் ஆகப்போறாங்கன்னா இத கொஞ்சம் பொறுமையா படிங்க. எங்க அப்பா கோயம்புத்தூர்ல பீளமேடு பக்கம் ஒரு பம்ப் கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருந்தார், 60 வயசுல ரிட்டயர்மென்ட். பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வச்சு விளக்கமா சொன்னாங்க, மெடிக்கல் இன்சூரன்ஸ் பத்தி மட்டும் பேச்சே வரல. நாங்களா கேட்டப்பதான் தெரிஞ்சது, கம்பெனி எல்லாருக்கும் சேத்து எடுத்திருக்கற அந்த குரூப் பாலிசியும் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடுமாம். மறுநாள் காலைல ஆஸ்பத்திரிக்கு போனா முழுக்க கைக்காசுதான்.

அப்பாவுக்கு ஷுகர் 9 வருஷமா இருக்கு, பிபி மாத்திரையும் உண்டு. அம்மாவுக்கு தைராய்டு, முட்டி வலி. அப்பா சொன்ன முதல் வார்த்தை, "உன் கம்பெனி பாலிசில எங்கள சேத்துக்கலாம்ல கண்ணு, எதுக்கு தனியா காசு கட்டணும்?" சேத்துக்கலாம்தான், ஆனா நான் வேலை மாறினா அதுவும் போச்சு, அப்ப அப்பாவுக்கு 64ஓ 65ஓ ஆகியிருக்கும், அந்த வயசுல புதுசா பாலிசி கேட்டு நிக்கறது இத விட கஷ்டம். 2024 ஏப்ரல்ல இருந்து 65க்கு மேல ஆனவங்களுக்கும் பாலிசி குடுக்கலாம்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொல்லிருச்சு, உண்மைதான், ஆனா என்ன வியாதி இருக்குன்னு பாத்துட்டு வேணாம்னு சொல்ற உரிமை கம்பெனிக்கு இன்னும் இருக்கு. அதனால பெத்தவங்க பேர்லயே ஒரு பாலிசி இருக்கணும்கறதுல நான் உறுதியா இருந்தேன்.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஏஜென்ட் வந்தார். வேற ஒரு கம்பெனில புதுசா பாலிசி போட்டுடலாம், ஷுகர ஃபார்ம்ல எழுத வேண்டாம், மூணு வருஷம் போனா யாரும் கேக்க மாட்டாங்கன்னார். தயவுசெஞ்சு யாரும் இந்த பேச்ச கேக்காதீங்க. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனதும் டாக்டர் முதல்ல எழுதறதே "ஷுகர் எத்தன வருஷமா"ன்னுதான், அந்த கேஸ் ஷீட் அப்படியே கிளெய்ம் பண்றப்ப போகும், மறைச்சது தெரிஞ்சா கிளெய்மும் போகும் பாலிசியும் கேன்சல் ஆகும். விடாம 60 மாசம் பிரீமியம் கட்டினதுக்கு அப்புறம் சொல்லலன்னு காரணம் காட்டி தள்ள முடியாதுன்னு விதி இருக்கு, அதுலயும் மோசடின்னு நிரூபிச்சா தள்ளலாம்.

எங்களுக்கு வழி கிடைச்சது மைக்ரேஷன்ல. குரூப் பாலிசில இருக்கறவங்க அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாறிக்கலாம், இது ஐ.ஆர்.டி.ஏ.ஐ குடுத்திருக்கற உரிமை. புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்கற வியாதிக்கு கிளெய்ம் பண்ண 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கணும், மாறினா குரூப்ல விடாம இருந்த வருஷங்கள அதுல கழிச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் கம்பெனி புடிக்கலன்னா ரினியூவல் சமயத்துல வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிக்கலாம். ஆனா இதெல்லாம் குரூப் கவர் உயிரோட இருக்கறப்பவே கேக்கணும், அதனால ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சோம்.

முதல்ல ஹெச்.ஆர்.கிட்ட ஒரு லெட்டர். அப்பா அம்மா எந்த வருஷத்துல இருந்து கவர்ல இருக்காங்க, எவ்ளோ தொகைக்கு, பாலிசி நம்பர் என்னன்னு லெட்டர்ஹெட்ல வேணும்னு கேட்டோம். முதல்ல குடுத்த லெட்டர்ல அம்மா பேரே இல்ல, மறுபடி கேட்டு வாங்கினோம். குரூப்ல 3 லட்சம், 6 வருஷமா. நாங்க தனி பாலிசி 5 லட்சத்துக்கு கேட்டோம்.

ஃபார்ம் நிரப்பறப்ப அப்பாவோட பழைய பிரிஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வச்சுகிட்டேன், மாத்திரை பேரு, மில்லிகிராம், எப்ப ஆரம்பிச்சது, அம்மாவோட முட்டி எக்ஸ்ரே வரைக்கும் எழுதினேன். "இவ்ளோ எழுதினா குடுக்கவே மாட்டாங்க"ன்னு அப்பா பக்கத்துல உக்காந்து கவலப்பட்டுகிட்டே இருந்தார். ஹெச்.பி.ஏ.ஒன்.சி, கிரியாட்டினின், இசிஜின்னு டெஸ்ட் எல்லாம் எடுக்க சொன்னாங்க, ஷுகருக்காக பிரீமியத்துல லோடிங்னு கொஞ்சம் கூடுதல் தொகை போட்டாங்க, ஆனா குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து வருஷத்துக்கு 40,000 பக்கம். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு 18% ஜி.எஸ்.டி இல்லாம போனது பெரிய நிம்மதி.

பாலிசி பாக்கறப்ப பிரீமியத்த மட்டும் பாக்காதீங்க, நான் தேடினது ரெண்டே விஷயம். ஒண்ணு கோ-பே, அதாவது பில்லுல ஒரு பங்க நாமளே கட்டறது. வயசானவங்க பாலிசி நிறையல 20% இருக்கு, 3 லட்சம் பில்லுன்னா 60,000 நம்ம கைல இருந்து, பென்ஷன்ல ஓடற வீட்ல அது சின்ன தொகையா? இன்னொண்ணு ரூம் வாடகை. நாளைக்கு 5,000ன்னு வரம்பு இருக்கற பாலிசில 8,000 ரூம்ல படுத்தா அதிகப்படி 3,000 மட்டும் நம்ம தலைல விழும்னு நெனைப்போம், அப்படி இல்ல, டாக்டர் ஃபீஸ், நர்ஸிங், தியேட்டர் சார்ஜ்னு எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்க. மருந்து, இம்ப்ளாண்ட், டெஸ்ட் மாதிரி சிலதுதான் தப்பிக்கும். ரெண்டும் இல்லாத பிளான் வேணும்னு பிடிவாதமா நின்னு வாங்கினோம், பிரீமியம் கூடினாலும் பரவால்லன்னு.

பாலிசி பேப்பர் வந்ததும் படிச்சு பாருங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுக்க 30 நாள் அவகாசம் (ஃப்ரீ லுக்) இருக்கு. எங்களுக்கு வந்த பாலிசி விவரப் பக்கத்துல (ஷெட்யூல்) முதல் தடவ கவர் ஆன தேதின்னு இருக்கற கட்டத்துல இந்த வருஷத்து தேதி இருந்துச்சு. அந்த ஒரு தேதி தப்பா இருந்தா 6 வருஷமும் காத்துல போச்சு! ஹெச்.ஆர் லெட்டர இணைச்சு மெயில் போட்டு, திரும்ப திரும்ப கேட்டு, திருத்தி எண்டார்ஸ்மென்ட்னு சொல்ற திருத்தப் பேப்பர் வாங்கினோம். 3 லட்சத்துக்கு பழைய வருஷங்கள் சேந்துச்சு, கூடுதல் 2 லட்சத்துக்கு காத்திருப்பு புதுசா ஓடுது, அதான் விதி.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். அப்பா கூட ஷாப் ஃப்ளோர்ல இருந்த ஒரு அண்ணன் இ.எஸ்.ஐ-ல (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) இருந்தவர், ரிட்டயர் ஆனா அதுவும் போயிடும்னே நெனச்சுட்டு இருந்தார். போகாது. குறைஞ்சது 5 வருஷம் இ.எஸ்.ஐ-ல இருந்து, வயசாகி ரிட்டயர் ஆனவங்க வருஷத்துக்கு 120 ரூபா கட்டினா தனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் வைத்தியம் தொடரும். வருஷத்துக்கு 120 ரூபா! சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரிக்கு காலங்காலமா போய் வந்த மனுஷனுக்கு இத சொல்ல ஒருத்தர் கூட இல்ல. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்குள்ள இருக்கறவங்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டுக்கு வி.ஏ.ஓ வருமான சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்கு போங்க.

ரினியூவல் தேதிய என் போன்லயும் அப்பா போன்லயும் போட்டு வச்சிருக்கேன். தேதி தாண்டியும் கட்டறதுக்கு கிரேஸ் 30 நாள் இருக்கேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, வருஷ பிரீமியம் கட்டறவங்களுக்கு அந்த இடைப்பட்ட நாட்கள்ல கவர் கிடையாது. பழைய டாக்ஸ் முறைல இருக்கறவங்க, 60 தாண்டின பெத்தவங்களுக்கு கட்டற பிரீமியத்துக்கு வரி கட்ட வேண்டிய வருமானத்துல 50,000 வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆனா ரொக்கமா கட்டினா கிடையாது.

இப்ப அம்மா முட்டிக்கு டாக்டர் ஆபரேஷன் பேச்ச எடுத்திருக்கார். புது பாலிசியா இருந்தா மூட்டு மாத்தறதுக்கு தனியா காத்திருப்பு வச்சிருப்பாங்க, பழைய வருஷங்கள் சேந்திருக்கறதால அந்த 3 லட்சம் வரைக்கும் தடை இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியோட நெட்வொர்க்ல எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு பாத்து, பில்ல கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு கட்டற கேஷ்லெஸ்ஸுக்கு முன்கூட்டியே எழுதிப் போட பேப்பர் சேத்துட்டு இருக்கோம்.