பழம் தேடினால் பழமை வந்தது: தமிழ் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து ஆவணம் எடுத்த அனுபவம்

அக்கா வில்லியனூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி நூலகத்துப் புத்தகப் பட்டியலையும், பிள்ளைகள் சேர்த்த சொற்பட்டியலையும் டெக்ஸ்ட் ஃபைலில் அடித்து எனக்கு அனுப்பி, அகரவரிசைப்படுத்தித் தரச் சொன்னாள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரே வரிதானே என்று ஓட்டினேன். பனை, பறவை, பல்லி, பழம் என்று வந்தது. பார்த்ததும் அக்கா போனில் கூப்பிட்டுவிட்டாள்.

நம் வரிசைப்படி பல்லி, பழம், பறவை, பனை என்றுதான் வரவேண்டும். ய ர ல வ ழ ள ற ன என்பது நாம் படித்தது. கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் அட்டவணையிலோ ர-வுக்கு அடுத்து ற, ந-வுக்கு அடுத்து ன உட்கார்ந்திருக்கின்றன. பைத்தான் அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. புள்ளி எழுத்திலும் இதே சிக்கல். அகராதியில் பக்கம் முன்னே, பகல் பின்னே. யூனிகோடில் புள்ளிக்கு எண் பெரிது, அதனால் பகல் முந்திக்கொள்கிறது.

இதைச் சரிசெய்ய ஐந்து ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) கொண்ட ஒரு சின்ன லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, எழுதினேன். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில், மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. முடித்துக் காட்டியபோது அக்கா கேட்டது ஒன்றுதான்: "உள்ள என்ன நடக்குதுன்னு நானும் என் பிள்ளைங்களும் படிக்கிற மாதிரி தமிழ்ல எழுதித் தாடா." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேற்கொண்டு ஐந்து வாரம்.

ஆவணத்தைத் தனியே எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று முன்பே பட்டிருக்கிறேன். கோடு, அதாவது நிரல் வரிகள், மாறும், ஆவணம் பழசாகவே நிற்கும். அதனால் விளக்கம் கோடுக்குள்ளேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைப்புக்குக் கீழும் மூன்று மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதும் டாக்ஸ்ட்ரிங் இதற்கென்றே உள்ளது. அதை எப்படி எழுதலாம் என்பதற்கு பைத்தான்காரர்கள் 2001-லேயே பெப் 257 என்று ஒரு வழிகாட்டி போட்டுவிட்டார்கள்: முதல் வரி சுருக்கம், ஒரு வரி இடைவெளி, பிறகு விரிவு. டாக்ஸ்ட்ரிங்கை எடுத்து இணையப் பக்கமாக்க ஸ்பிங்க்ஸ். ஜார்ஜ் பிராண்டல் பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக உருவாக்கி 2008-இல் வெளியிட்ட கருவி இது. அதில் ஆட்டோடாக் என்ற நீட்சியைச் சேர்த்தால் கோடிலிருந்தே விளக்கத்தை உருவிக்கொள்கிறது.

முதல் பில்டில், அதாவது பக்கங்களை உருவாக்கும் ஓட்டத்தில், பக்கம் வெறுமையாக வந்தது. மாட்யூலை (என் கோடு இருக்கும் ஃபைல்) இம்போர்ட் செய்ய, அதாவது ஏற்ற, முடியவில்லை என்று வார்னிங். ஆட்டோடாக் கோடை வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை, நிஜமாகவே இம்போர்ட் செய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. என் மாட்யூல் ஏற்றப்பட்டதும் சொற்பட்டியல் ஃபைலைத் திறக்கும்படி எழுதியிருந்தேன். பில்ட் வேறு ஃபோல்டரிலிருந்து ஓடியதால் ஃபைல் கிடைக்கவில்லை. திறக்கும் வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளினேன். லைப்ரரியும் அதனால் ஒழுங்காயிற்று.

அடுத்த பில்டில் ஒரு தலைப்பின் அடிக்கோடு போதவில்லை என்று வார்னிங். 'அகரவரிசை' என்ற தலைப்புக்குக் கீழே ஆறு எழுத்துக்கு ஆறு கோடு போட்டிருந்தேன். ஸ்பிங்க்ஸுக்கு அது எட்டு: ரி, சை இரண்டையும் எழுத்து வேறு, குறி வேறாக எண்ணுகிறது. தாராளமாகப் பதினைந்து கோடு போட்டதும் போய்விட்டது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முக்கிய ஃபங்ஷனுக்கு 'வரிசைப்படுத்து' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். பைத்தான் 3 அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது, ஓடியது. ஆட்டோடாக் மட்டும் இது செல்லாத சிக்னேச்சர் (ஃபங்ஷனின் பெயரும் உள்ளீடுகளும் கொண்ட வரி) என்று சொல்லி அதை விட்டுவிட்டது. சரி, பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினேன்.

டாக்ஸ்ட்ரிங்குக்குள் 'உள்ளீடு', 'விளைவு' என்று தலைப்பிட்டிருந்தேன். இந்தத் தலைப்புகளைப் புரிந்து அழகாகப் பிரித்துத் தருவது நெப்போலியன் என்ற இன்னொரு நீட்சி. அதன் அமைப்பில் நம் தலைப்புகளையும் பதிந்துகொள்ளலாம். பதிந்தேன். கூகுள் பாணியில், அதாவது தலைப்புக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து எழுதினால், தலைப்பு என்றே தெரியாமல் எல்லாம் ஒரே பத்தியாய் விழுந்தது. நம்பை என்ற பைத்தான் லைப்ரரியின் பாணியில், தலைப்புக்குக் கீழே கோடு போட்டு எழுதினால், உடனே வேலை செய்தது. ஏன் என்று தெரியாமலே எல்லா டாக்ஸ்ட்ரிங்கையும் நம்பை பாணிக்கு மாற்றிவிட்டு, அந்த ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டேன். மனசு மட்டும் அந்த முக்காற்புள்ளியிலேயே இருந்தது.

விடையைக் கொண்டுவந்தது அக்காதான். பக்கங்களை அவள் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுக்க வில்லியனூர் போயிருந்தேன். தேடல் பெட்டியில் ஏதோ அடித்துப் பார்த்தவள், "பழம்னு போட்டா பழமைன்னு இருக்கிற பக்கமும் வருதேடா" என்றாள். பழம், பழமை. கடைசி ம-வுக்கு மேல் ஒன்றில் புள்ளி, மற்றதில் ஐகாரக் குறி. அவை இரண்டும் உதிர்ந்துபோனால் மிஞ்சுவது ஒரே 'பழம'.

அங்கேயே உட்கார்ந்து சோதித்தேன். எழுத்துக் கோவைகளைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல் எழுத்து' என்பதைக் குறிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ போடுவோம். அதைக் கொடுத்து 'தமிழ்' என்ற சொல்லில் தேடச் சொன்னேன். 'தம' என்று ஒரு துண்டு, 'ழ' என்று ஒரு துண்டு வந்தது. யூனிகோடில் க, ச, த போன்றவை எழுத்து வகை. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் குறி வகை. பைத்தானின் பேக்ஸ்லாஷ் டபிள்யூ எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் ஏற்கும், குறியை ஏற்காது. பெயர் வைக்கும்போது பைத்தான் மொழி பின்பற்றுவது வேறு விதி, அது குறிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஃபங்ஷன் பெயர் ஓடியும் ஆவணமாகாமல் போனது இதனால்தான். கூகுள் பாணித் தலைப்பைச் சோதிக்கும் இடத்திலும் இதே டபிள்யூ, தேடலுக்குச் சொல் பிரிக்கும் இடத்திலும் இதே டபிள்யூ. மூன்று தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தவை ஒரே கோளாறு.

நம் பிள்ளைகள் தமிழில் எழுதிய விளக்கத்தை அவர்களே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும் பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போதே என்ன செய்வது என்று எழுதிக்கொண்டேன்.

ஸ்பிங்க்ஸில் தேடல் மொழி ஒன்றை நாமே எழுதிப் பதிய வழி இருக்கிறது. சொல் பிரிக்கும் ஃபங்ஷனை மட்டும் மாற்றினேன்: பேக்ஸ்லாஷ் டபிள்யூவோடு, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் சேர்த்துக்கொள் என்று. பில்ட் செய்து பார்த்தால் பழமை போகவே இல்லை. தேடலுக்கான சொல் அட்டவணை சரியாகிவிட்டது. ஆனால் தேடல் பெட்டியில் அடிக்கும் சொல்லை உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் தனியே பிரிக்கிறது, அங்கேயும் குறிகள் உதிர்கின்றன. அந்தப் பிரிப்பானையும், சொல் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கும் அதே கிளாஸில் (நிரல் தொகுதி) எழுதித் தரலாம் என்று ஸ்பிங்க்ஸ் ஆவணத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து முப்பது வரிக்குள் முடிந்தது. பழம் என்று அடித்தால் பழம் மட்டும் வந்தது. அந்த ராத்திரியே அக்காவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

டாக்டெஸ்ட்டையும் சொல்ல வேண்டும். டாக்ஸ்ட்ரிங்கில் எழுதும் எடுத்துக்காட்டுகளை நிஜமாகவே ஓட்டி, எழுதிய விடைதான் வருகிறதா என்று அது பார்க்கும். எடுத்துக்காட்டுகளை அக்கா வகுப்பிலிருந்து எழுதித் தந்தாள். அதில் ஒன்று 'அஃது, அது'. ஓட்டினால் 'அது, அஃது' என்று வந்து தோற்றது. என் எழுத்து அட்டவணையில் ஆய்த எழுத்தே விட்டுப்போயிருந்தது. உயிருக்குப் பின், மெய்க்கு முன் அதை வைத்தேன். விளக்கம் எழுதப் போய் கோடில் இருந்த பிழை பிடிபட்டது. இனி எந்த லைப்ரரி எழுதினாலும் எடுத்துக்காட்டை முதலில் எழுதிவிட்டுத்தான் கோடுக்குப் போவேன்.

இன்னும் பாக்கி இருப்பது: பழம் என்று தேடினால் 'பழத்தை' வராது. ஸ்பிங்க்ஸ் ஆங்கிலத்துக்குப் பயன்படுத்தும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கும் விகுதி களையும் நிரல் இருக்கிறது. அதை பைத்தான் பக்கமும் உலாவிப் பக்கமும் ஒரே மாதிரி இணைக்க வேண்டும். அக்கா அதற்குள் இருபது சொல் குறித்து அனுப்பியிருக்கிறாள். முதல் சொல் 'மரம்', பக்கத்திலேயே 'மரத்தடி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாள்.