மிதிபட்ட சலாது

வேரா ஹித்திலோவா 1966இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்த ‘டெய்சீஸ்’ படத்தை, மட்டக்களப்பில் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவோடு இருந்து பார்த்தேன். மேரி என்ற ஒரே பெயருடைய இரண்டு பெண்கள், உலகம் கெட்டுக் கிடக்கிறது, நாமும் கெட்டுப்போவோம் என்று தீர்மானிப்பதைத் தவிர அதில் கதை என்று ஒன்றுமில்லை. அவர்கள் கையைத் தூக்கினால் எண்ணெய் காணாத கதவுபோலக் கிறீச்சிடுகிறது. ஒருத்தி அடித்தால் மற்றவள் போய் விழுவது பூவெளியில். கூத்தாடும் வட்டக்களரியை ஒரு சுற்றுச் சுற்றிய அரசன் வேறு நாட்டை அடைந்துவிடுவதை விடியவிடியப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. கத்தரிக்கோலால் ஒருவரையொருவர் வெட்டி, தலை தனியே மிதக்க, கடைசியில் திரையே துண்டுதுண்டாகிவிடும் காட்சியில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

விருந்து மண்டபக் காட்சியில் அந்தச் சிரிப்பு நின்றது. யாருக்கோ பரப்பி வைத்த உணவை அவர்கள் அள்ளித் தின்று, எறிந்து, மேசையில் ஏறிக் குதிகால் செருப்பால் மிதித்து நடக்கிறார்கள். “அன்னத்தையல்லோ மிதிக்கிறாளுகள் மனே” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1990இல் அகதி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

உணவை வீணாக்கியதாக 1967இல் செக்கோஸ்லோவாக்கியப் பாராளுமன்றத்திலும் இப்படம் கண்டிக்கப்பட்டது. ஆனால் ஹித்திலோவா அந்தக் கண்டனத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருந்தார். படம் குண்டுவீச்சுக் காட்சிகளோடு தொடங்கி, இடிந்த நகரத்தின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ, மிதிபட்ட சலாதுக்காக மட்டுமே கொதிப்பவர்களுக்கு இதைச் சமர்ப்பிப்பதாகச் சொல்லி முடிகிறது. அந்த ‘மட்டுமே’தான் இந்தப் படத்தை என்னோடு கட்டிப்போட்டது. அதுவரை கண்ட கோமாளித்தனம் முழுவதும், நாம் எதற்குக் கோபப்படுகிறோம், எதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம் என்ற கேள்வியாக அந்த ஒரு சொல்லில் மாறிவிடுகிறது. அது அம்மாவைச் சுடவில்லை. சோற்றுக்குத் துடித்த அதே முகம், அந்த இடிந்த சுவர்களின் முன்னாலும் அப்படியே இறுகிக் கிடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முடிவுக்குச் சற்று முன், பத்திரிகைத் தாள்களை உடம்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு வரும் அந்தப் பெண்கள், இனி நல்லவர்களாக இருப்போம் என்று கிசுகிசுத்தபடி உடைந்த பீங்கான்களைப் பொருத்தப் பார்க்கிறார்கள்; துண்டுகள் சேரவில்லை. படம் முடிந்து நெடுநேரம் கழித்து அம்மா சொன்னார்: “அந்தப் பீங்கான் பொருத்துற இடத்த இன்னொருக்காப் போடு மனே.”