ஒரே தாய் போட்ட குஞ்சுகள், இரண்டு அளவு

போன முறை என்னுடைய சிவப்பு வால் கப்பி மீன் ஒன்று ஒரே ராத்திரியில் 36 குஞ்சு போட்டது. அதில் 10 குஞ்சுகளை 40 லிட்டர் தொட்டியிலும், மீதி 26-ஐ 15 லிட்டர் தொட்டியிலும் விட்டேன். ஆராய்ச்சி பண்ணும் எண்ணமெல்லாம் இல்லை, அன்றைக்குக் காலியாக இருந்தவை அந்த இரண்டு தொட்டிகள்தான். மூன்று மாதம் கழித்து, கண்ணாடியில் ஸ்கேலை ஒட்டிவைத்து, மீன் அதன் பக்கமாக வரும்வரை காத்திருந்து அளந்தேன். பெரிய தொட்டி ஆண்கள் வாலை விட்டுவிட்டு கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். சின்னத் தொட்டி ஆண்களில் பெரும்பாலானவை 2-ஐத் தாண்டவே இல்லை. ஒரே தாய், ஒரே பிறந்த நாள், இரண்டு தொட்டிக்கும் ஒரே டப்பா தீனி.

(வாலைச் சேர்த்து அளக்காதீர்கள். வளர்ப்புக் கப்பியின் வால் சில சமயம் உடம்பளவுக்கு நீளும், அதைச் சேர்த்தால் எந்த மீனும் பெரிய மீன்தான்.)

இதைச் சொன்னால் உடனே “தொட்டிக்குத் தகுந்த அளவுதான் மீன் வளரும்” என்பார்கள். கண்ணாடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. சின்னத் தொட்டியில் நடப்பது வேறு. 15 லிட்டரில் 26 குஞ்சு தின்று கழித்தால் அம்மோனியாவும் நைட்ரேட்டும் சீக்கிரம் ஏறும், தீனி போட்டதும் வலுத்த குஞ்சு நாலு வாய் தின்றுவிடும், மெலிந்தது ஒரு வாய்க்கே அலையும், ஒன்றையொன்று துரத்துவதிலேயே பாதித் தெம்பு போய்விடும். அந்தத் தொட்டியில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் மாற்றினேன். அது போதவில்லை.

ஆண் கப்பியின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பிறக்கும்போது குஞ்சு 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும், அப்போது ஆண் எது பெண் எது என்று தெரியாது. மூன்று, நாலு வாரம் ஆனதும் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வயிற்றுக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் குதத் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறி மாதிரியே இருக்கும், அதற்குச் சற்று மேலே வயிற்றில் மங்கலாக ஒரு கரும்புள்ளி தெரியும். ஆணுக்கு அந்த விசிறி நாளுக்கு நாள் ஒடுங்கும், முன்பக்க முட்கள் நீளும், கடைசியில் குச்சி மாதிரி பின்னோக்கி மடங்கி நிற்கும். கோனோபோடியம் எனப்படும் ஆணின் இனச்சேர்க்கை உறுப்பு இதுதான். இது முழுசாக உருவாகி முடிந்ததும் ஆணின் உடம்பு ஏறத்தாழ அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் வால் விரியும், நிறம் ஏறும், ஆனால் உடம்பு பெரிதாக வளராது. ஆகவே ஆணின் ஆயுள்கால அளவு முதல் இரண்டு, மூன்று மாதத்தில் முடிவாகிறது. அந்த நாட்களில் தீனி குறைந்தால் அது முதிர்வதும் தள்ளிப்போகும், முதிரும்போது உடம்பும் சின்னதாக இருக்கும். சின்னத் தொட்டி ஆண்களை மூன்றாம் மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றி, விதவிதமாகத் தீனி போட்டுப் பார்த்தேன். நிறம் நன்றாக வந்தது. அளவு அப்படியே இருக்கிறது.

பெண் அப்படியில்லை, முதிர்ந்த பிறகும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஆண் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவில் நிற்க, நன்றாக வளர்ந்த பெண் 5, 6 வரை போகிறது. பெரிய பெண் போடும் குஞ்சுகளும் அதிகம். ஆனால் சீக்கிரமே சினையாகிவிட்டால் தின்பதில் பெரும்பங்கு குஞ்சுகளுக்குப் போய்விடும், உடம்பு வளர்வது குறையும். நாலாவது வாரமே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடச் சொல்வது இதற்காகத்தான். தாமதித்தால் பலனில்லை, ஒருமுறை சேர்ந்தாலே போதும், பெண் அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்துவைத்து அடுத்தடுத்து குஞ்சு போடும்.

சூடு பற்றியும் சொல்லியாக வேண்டும். குஞ்சு வேகமாக வளர வேண்டும் என்று ஹீட்டரை 29, 30 டிகிரிக்கு ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேகமாக வளர்வது உண்மைதான். ஆனால் அதே வேகத்தில் முதிர்ச்சியும் வந்துவிடும், ஆண்கள் சின்ன உடம்பிலேயே நின்றுபோகும், ஆயுளும் குறையும். நான் 24, 25-இல் வைக்கிறேன், அவசரப்படுவதில்லை.

சரி, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மீன் சின்னதாகவே நின்றால்? அங்கே பரம்பரை வருகிறது. டிரினிடாட் தீவின் ஓடைகளில் நடந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அருவிகளுக்குக் கீழே பெரிய கப்பிகளையும் பிடித்துத் தின்னும் பைக் சிக்லிட் போன்ற மீன்கள் உண்டு, அங்கே கப்பிகள் சின்ன உடம்பிலேயே சீக்கிரம் முதிர்ந்துவிடும். அருவிக்கு மேலே அந்த எதிரிகள் ஏற முடியாது, அங்கிருக்கும் கப்பிகள் தாமதமாக, பெரிதாக முதிரும். 1976-இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் கீழ்ப்பக்கக் கப்பிகளைக் கொண்டுபோய், கப்பியே இல்லாத மேல்பக்க ஓடையில் விட்டார். 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அவற்றின் சந்ததிகளும் தாமதமாக, பெரிதாக முதிரத் தொடங்கியிருந்தன. ஆய்வுக்கூடத் தொட்டியில் தலைமுறை தாண்டி வளர்த்தபோதும் அந்த மாற்றம் நீடித்தது. டேவிட் ரெஸ்னிக் என்ற உயிரியலாளரும் எண்ட்லரும் இன்னொருவரும் சேர்ந்து 1990-இல் இதை வெளியிட்டார்கள்.

நம் தொட்டியில் எதிரி மீன் கிடையாது, அந்த வேலையை நம் கைவலை செய்கிறது. தொட்டியில் முதலில் நிறம் வருகிற ஆணைப் பார்த்ததும் ஆசைப்பட்டு அதையே இனப்பெருக்கத்துக்கு எடுத்துவைக்கிறோம். முதலில் நிறம் வந்தது என்றால் முதலில் முதிர்ந்தது என்று அர்த்தம், பல சமயம் சின்ன உடம்போடு நின்றுவிட்டதும் அதுதான். அதையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் வம்சமே சிறுத்துப்போகும். நான் இப்போது மெதுவாக நிறம் ஏறி, உடம்பு கட்டாக வளரும் ஆணுக்காகக் காத்திருக்கிறேன். ஒரே ஈற்றில் பல தகப்பன்களின் குஞ்சுகள் கலந்திருக்கலாம் என்பதால், ஒரே தாய்க் குஞ்சுகளுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும்.

தீனியில் எனக்கு நம்பிக்கையானது, அன்றன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சுதான். போட்ட சில நிமிடத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு நிற்கும், எது தின்றது எது தின்னவில்லை என்று வெளியிலிருந்தே தெரியும். முதல் மாதம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாக. அத்தனை முறை போட்டால் தண்ணீரும் அடிக்கடி மாற்ற வேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்பங்கு.

இன்னொரு பெண்ணுக்கு இப்போது வயிறு சதுரமாக இறங்கிவிட்டது, நாளையோ மறுநாளோ போட்டுவிடும். இந்த முறை ஒரு தொட்டிக்கு 12 குஞ்சுக்கு மேல் விடப்போவதில்லை. ஆர்ட்டீமியா முட்டையை இன்று காலையே உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.