தறிக் குடோனில் ஐஸ் ஹாக்கி: கை பழகினால்தான் கண் நிமிரும்

பல்லடம், சோமனூர் பக்கம் ஹாக்கி ஆடும் அளவுக்குப் பனித்தளம் இல்லை. ஆனாலும் லடாக் போய்த்தான் எல்லாம் கற்க வேண்டும் என்றில்லை. தறி கழற்றிய குடோனின் சிமெண்டுத் தரையும், ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட்டும் இருந்தால் கையையும் கண்ணையும் நன்றாகவே பழக்கலாம். பக்கவாட்டில் சறுக்கி நிற்பதை மட்டும் பனிக்கு விட்டுவிட வேண்டும். சிமெண்டில் சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஸ்டிக்கின் உயரம் ஸ்கேட்டோடு நின்றால் தாடைக்கு, ஷூவோடு நின்றால் மூக்குக்கு. அதன் விறைப்பைச் சொல்லும் ஃபிளெக்ஸ் எண், உடல் எடையைப் பவுண்டில் எடுத்தால் அதில் ஏறக்குறைய பாதி: 54 கிலோ ஆளுக்கு 60. பெரியவர் ஸ்டிக்கை அறுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அது இன்னும் விறைத்துப்போகும், ஷாட்டில் வளையவே வளையாது.

ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக வரும் தட்டையான ரப்பர் வட்டுதான் பக். 170 கிராம் பக் சிமெண்டில் வழுக்காது, விளிம்பு மாட்டி உருளும். பக் பயிற்சிக்கு 8×4 அடி மைக்கா ஷீட்டைப் பிளைவுட்டில் ஒட்டிக்கொள்வது நல்லது. வெறுமனே விரித்தால் ஓரம் சுருளும். மற்ற நேரம் ஆரஞ்சு நிற ஸ்ட்ரீட் ஹாக்கிப் பந்து. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் நாளில் அந்தப் பந்து மொட்டை மாடியில் நிற்காது, குடோனுக்குள்தான் ஆட வேண்டும். உள்ளேயோ பஞ்சுத் தூசி ஸ்கேட் சக்கரத்தின் பேரிங்கில் சுற்றிக்கொள்ளும். கழற்றித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கூட விட்டால் பஞ்சு இன்னும் ஒட்டும்.

கையில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றே: இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பது. ஸ்டிக்கைத் திருப்புவது அதன் மேல் முனையைப் பிடிக்கும் மேல் கை. கீழ்க் கை தளர்ந்து வழுக்க வேண்டும். மேல் கையின் முழங்கை விலாவில் ஒட்டியிருந்தால் பந்து பேக்ஹேண்ட் பக்கம், அதாவது பிளேடின் பின்புறத்தால் ஆடும் பக்கம், போகாது.

கண்ணுக்கான பயிற்சிதான் அதிகப் பலன் தந்தது. சுவரில் அடித்துத் திரும்பும் பந்தை வாங்க வேண்டும். பின்னால் நிற்பவர் விரல்களைக் காட்டுவார். பந்து ஸ்டிக்குக்கு வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பியதும் ஒரு பார்வை, சுவரில் பட்டதும் இன்னொன்று. கடைசி நொடியில் திரும்பினால் பந்து நழுவும். முன்பு விரல் எண்ணிக்கை வாங்கியபின் வந்தது. இப்போது வாங்குமுன் வருகிறது. அடுத்தபடியாக விரலுக்குப் பதில் ஆளே நகர்வார், அவர் அழுத்த வரும் பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்ப வேண்டும்.

ஆட்டம் பார்ப்பதிலும் இதே வழிதான். பக்கை விட்டுவிட்டு, நடுவில் ஆடும் சென்டரை மட்டும் பார்த்து, பாஸ் கிளம்பும் நொடியில் வீடியோவை நிறுத்தி, அவர் எங்கே போவார் என்று சொல்லிவிட்டு ஓடவிட வேண்டும்.

இரண்டு பேருக்கு ஒரு தடுப்பாளர் என்ற நிலையில்தான் இன்னும் தடுமாற்றம். பந்து வைத்திருப்பவர் தடுப்பாளரின் உடலைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது அவர் ஸ்டிக்கை. அது பாஸ் வழியில் தரையோடு கிடந்தால் நேராக ஷாட், அல்லது ஸ்டிக்குக்கு மேலாகத் தூக்கும் சாஸர் பாஸ். சாஸருக்கு பக் தட்டையாகச் சுழல வேண்டும், உருண்டைப் பந்தில் அது வராது. ஆகவே பிளேடின் குதியிலிருந்து நுனிக்கு உருட்டி விடும் அசைவை மைக்கா ஷீட்டில் பக்கோடு தனியாகச் செய்துவருகிறோம்.